ஒரு தட்டு போதும்

மாதத்துக்கு நாலைந்து பேராவது போனில் கேட்கிறார்கள். "அண்ணே, டி.ஜே. கத்துக்கலாம்னு இருக்கேன். கையில கொஞ்சந்தான் இருக்கு. எந்தத் தட்டு வாங்கலாம்?" கேட்கிறவர் ஆலங்குடிக்காரராக இருக்கலாம், விராலிமலைக்காரராக இருக்கலாம். கேள்வி ஒன்றுதான். டர்ன்டேபிள் என்று நீட்டிச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. விசேஷ வீடுகளுக்கு மைக்கும் பாட்டும் வாடகைக்கு விட்ட ரேடியோ செட் காலத்திலிருந்தே அதைத் தட்டு என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

போனில் பதில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது. எனக்கு வலது காது கேட்காது என்பதால் அவர்கள் சொல்வதிலும் பாதிதான் எனக்கு வந்து சேருகிறது. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குச் சலித்துப்போனது. லாரியில் கிளீனராகப் போனேன். நார்த்தாமலைப் பக்கம் கல் குவாரியில் இருந்தேன். திருப்பூரில் சாயப்பட்டறை, மறுபடி லாரி, பிறகு கீரனூரில் ஒரு ரேடியோ செட் கடை, அங்கிருந்து பஸ் ஏறித் திருச்சியில் ஒரு ஓட்டலில் சவுண்டு வேலை. ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாத ஆள் நான். என்னைக் கொஞ்சம் கட்டிப்போட்டது இந்த வேலை மட்டும்தான். ஸ்பீக்கர் பெட்டி பக்கத்திலேயே நின்று நின்று வலது காது போனது. இடது காதும் அதே வழியில் கிளம்பியபோது நிறுத்திக்கொண்டேன். குவாரியிலேயே இருந்திருந்தால் விரல்கள் போயிருக்கும். ஆகவே பெரிய வருத்தம் இல்லை. நீங்கள் ஹெட்போன் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

தட்டு வாங்குவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது முழுவதும் ஷாஜகான் பாய் தட்டு வாங்கிய கதையில் இருக்கிறது. அதையே சொல்கிறேன்.

ஷாஜகானுக்குச் சொந்த ஊர் கோட்டைப்பட்டினம். காதோரம் நரைத்த பிறகு டி.ஜே. ஆக வந்தவர். துபாயில் ஒரு ஓட்டலில் பல வருஷம் மேடை வேலை பார்த்திருக்கிறார். ஒயர் இழுப்பது, பெட்டி தூக்குவது, தட்டுகளை மேசையில் ஏற்றிச் சரிபார்த்துவிட்டு, டி.ஜே. வந்ததும் ஒதுங்கி நிற்பது. கொரோனாவில் ஊருக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வீட்டு வயரிங், தண்ணி மோட்டார் என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தார். மகள் பிளஸ் டூ. மனைவி நூர்ஜகான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தார். இப்படி இருக்கையில் பழைய ஓட்டலிலிருந்து அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். விசா ஏஜென்ட் பாஸ்போர்ட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதே சமயத்தில் கீரமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டப மேனேஜர், எனக்குப் பழக்கமானவர், ஷாஜகானுக்கு ஒரு வரவேற்பு நிகழ்ச்சி கொடுத்திருந்தார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். அது நன்றாக அமைந்தால் ஆவணி முகூர்த்தங்களுக்கு இவர் பெயரையே கல்யாண வீட்டாரிடம் சொல்வதாகப் பேச்சு. ஏஜென்ட் கொடுத்த கெடு அந்த வரவேற்புக்கு மறுநாள். இதை எல்லாம் மேனேஜர் எனக்குச் சொல்லி, "போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்கண்ணே, நல்ல மனுசன்" என்றார்.

போனேன். ஷாஜகான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, அன்னிக்கு ஒழுங்கா நடந்தா ஊர்லயே இருந்துருவேன். நடக்கலேன்னா பாஸ்போர்ட்டக் குடுத்துட்டு ஏறிருவேன். போனா, மக கல்யாணத்துக்குத்தான் வருவேன். தட்டு வாங்கணும். ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒண்ணு பாத்துக் குடுங்க."

டீ கொண்டுவந்த நூர்ஜகான் டம்ளரை வைத்துவிட்டு நகரவில்லை.

"அண்ணே, இது ஆகுற காரியமா? ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க. அவுக கெளம்புறதுன்னா நான் மனசத் தயார் பண்ணிக்கணும். நடுவுல தொங்க விட்டுறாதீங்க."

"தட்டு வாங்குறவரைக்கும் எனக்குத் தெரியும்மா. அதுக்கு அங்கிட்டு அவரு கைதான்" என்றேன். நூர்ஜகான் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பதில் போதவில்லை என்று தெரிந்தது.

முதலில் ஷாஜகானிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்கிறேன். தட்டு எதற்கு?

"பாய், கல்யாண வீட்டுக்கு கன்ட்ரோலர் ஒண்ணு போதும். ரெண்டு சின்னத் தட்டும் பொத்தானும் ஒரே பெட்டியில இருக்கும். வெலையும் கம்மி, தூக்கவும் லேசு. பெரிய தட்டு எதுக்கு?"

அவர் சொன்னார். "அங்க எத்தன பேருக்கு மாட்டிக் குடுத்திருப்பேன். ஒருத்தனும் தொட விட்டதில்லண்ணே. சவுண்டு செக் முடிஞ்சு எல்லாரும் சாப்பிடப் போனதும், கரண்டு இல்லாத தட்டுல கைய வெச்சுச் சுத்திப் பாப்பேன். எனக்குத் தெரிஞ்சது அந்த எடைதான். பொத்தான அமுக்குனா எனக்கு ஒண்ணுமே வராது."

இதற்கு மேல் நான் வாதாடவில்லை. ஆனால் உங்களிடம் இப்படி ஒரு காரணம் இல்லையென்றால் கன்ட்ரோலர் வாங்கிக்கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. மேடையில் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காகத் தட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பென் டிரைவில் பாட்டு ஓடும், பக்கத்தில் தட்டு சும்மா சுற்றும். அதற்கு ஒரு மின்விசிறி வாங்கி வைத்திருந்தால் காற்றாவது வந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி, பாட்டு எங்கே. நம் ஊரில் கேட்கிற பாட்டெல்லாம் ரெக்கார்டாக வருவதில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பாட்டே இல்லாத ரெக்கார்டு ஒன்று விற்கிறார்கள். காதில் கேட்டால் ஒரே சீராகக் கீச்சென்று இருக்கும். ஊசி அந்தக் கீச்சைப் படித்து லேப்டாப்புக்குச் சொல்லும். லேப்டாப்பில் இருக்கும் பாட்டு உங்கள் கை தட்டைத் தள்ளினால் ஓடும், பிடித்தால் நிற்கும், பின்னால் இழுத்தால் பின்னால் போகும். இந்த ரெக்கார்டு ஒன்று இருந்தால் உலகத்துப் பாட்டெல்லாம் அதில் இருக்கிற மாதிரிதான்.

திருச்சிக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் இரண்டு தட்டுகளை எடுத்து மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். சுற்றிலும் நீல லைட் எரிந்தது. புதுசு, லேசு, பளபளப்பு. "ஜோடியா எடுத்தா கொறச்சுத் தர்றேன்" என்றார். ஷாஜகான் கண் அதிலேயே இருந்தது. நம் ஆட்கள் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனாலும் முதலில் லைட்டைத்தான் பார்ப்பார்கள். அவரைக் குற்றம் சொல்லவில்லை.

நான் காதை நம்ப முடியாதவன். எனவே விரலை வைத்துப் பார்த்தேன். ஓடுகிற தட்டின் ஓரத்தில் சுட்டு விரலை லேசாக வைத்தேன். திணறி நின்றுவிட்டது.

கடைக்காரர் சிரித்தார். "வெரல வெச்சா எந்தத் தட்டுண்ணே ஓடும்?"

"வெரல வெக்கிறதுக்குத்தாங்க வாங்குறோம்" என்றேன்.

உள்ளே ரப்பர் பெல்ட் போட்டு இழுக்கிற தட்டு அது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க நல்லதுதான். நம் வேலையில் தட்டு கைக்குக் கீழே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கையை எடுத்த கணத்தில் பழைய வேகம் வந்துவிட வேண்டும். அதற்கு மோட்டார் நேராகத் தட்டின் அடியிலேயே இருக்கிற வகை வேண்டும். அது கனமாக இருக்கும். இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். இடுப்பு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அடுத்து ஊசியைப் பார்த்தேன். ஊசியும் அது இருக்கும் தலையும் அவற்றைத் தாங்கும் கையோடு சேர்ந்தே இருந்தன. கழற்ற வழியில்லை. "ஒடஞ்சா?" என்று கேட்டேன். "கம்பெனிக்கு அனுப்பணும்ண்ணே. ஆனா ஒடயாது." அவர் அப்படிச் சொன்னதும் எனக்குத் திருச்சி ஓட்டலில் தட்டு சுற்றிய டி.ஜே. ஞாபகத்துக்கு வந்தார். நான் அவருக்கு ஒயர் பிடித்த ஆள். அதிகம் பேசமாட்டார், பேர் சொல்லிக் கூப்பிடவும் விடமாட்டார். ஒரு சாமான் வாங்கும்போது இரண்டே கேள்விதான் கேட்பார். இதில் முதலில் எது ஒடியும்? ஒடிந்தால் ஆள் கூட்டத்துக்கு நடுவில் நானே மாற்ற முடியுமா? ஒடியாது என்று சொல்கிற கடையில் அவர் நிற்கவே மாட்டார்.

நான் நின்றேன். ஏனென்றால் கடையின் பின்பக்கம் ஒரு பழைய தட்டு துணி போர்த்திக் கிடந்ததைப் பார்த்துவிட்டேன். மூடிய ஓட்டல் ஒன்றிலிருந்து வந்ததாம். ஒரு மூலை நசுங்கியிருந்தது. மூடி இல்லை. ஜோடித் தட்டு எப்போதோ எரிந்துபோய்விட்டதாம். கடைக்காரருக்கு அதைக் காட்டவே விருப்பமில்லை. "ஒத்தையா யாருண்ணே வாங்குவா?"

பழைய தட்டு வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கரண்டு போடாமல் தட்டைக் கையால் சுற்றிவிட்டு, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய் ஓரத்தைப் பார்த்தேன். ஏறி இறங்கவில்லை. கரண்டு போட்டு விரலை வைத்தேன். விரல்தான் சூடானது, தட்டு நிற்கவில்லை. ஊசியைத் தாங்கும் கையை எடை சமமாக வைத்து மிதக்க விட்டு லேசாக ஊதினேன். எங்கும் சிக்காமல் போய்த் திரும்பி வந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லத் தள்ளினேன். நடுவில் ஓரிடத்தில் உறுத்தியது. உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். ஆயுத பூசைக்கு யாரோ அந்தக் குமிழுக்கே பொட்டு வைத்திருக்கிறார்கள்.

ஷாஜகான் எட்டிப் பார்த்தார். "ஒங்க ஆளுங்க வேலதான்ணே."

"ஆமா பாய். வருசா வருசம் ஒருத்தன் இத நல்லாத் தொடச்சுப் பொட்டும் வெச்சிருக்கான். அப்ப நல்லா வெச்சிருந்தான்னுதான அர்த்தம்."

சந்தனத்தைத் துடைத்து எடுத்துவிடலாம். தலையைத் திருகிக் கழற்றலாம், வேறு மாட்டலாம். அதுதான் எனக்கு முக்கியம்.

ஆனால் ஒற்றைத் தட்டு என்பது ஷாஜகானுக்கு மனசு ஆறவில்லை. "எல்லா போட்டோவுலயும் ரெண்டு இருக்குண்ணே. மேடையில ஒத்தையா வெச்சா ஜனங்க என்ன சொல்லுவாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆடுவாங்க."

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கையில் இருக்கும் பணம் இரண்டு மோசமான தட்டுக்குப் போதும், அல்லது ஒரு நல்ல தட்டுக்கும் பாட்டோடு பாட்டைக் கலந்துவிடும் ஒரு சுமாரான மிக்ஸருக்கும் போதும். ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் லேப்டாப்பிலிருந்து நேராகப் பாட்டு. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக இது போதும். ஒரு கையில் பழகியதை இரண்டாவது தட்டு வந்தபின் இரண்டு கையில் செய்துகொள்ளலாம். மோசமான தட்டில் பழகினால், தப்பு உங்கள் கையில் இருக்கிறதா தட்டில் இருக்கிறதா என்று கடைசி வரை தெரியாது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. மிச்சம் இருந்ததில் அவரை இன்னொரு ஊசியும் தலையும் வாங்க வைத்தேன். "இருக்கறதே நல்லாத்தானண்ணே இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்.

வரவேற்பு வரைக்கும் கோட்டைப்பட்டினத்தில் அவர் வீட்டில் பழகினார். நான் அவ்வப்போது போய் வந்தேன். அவர் கை பதினைந்து வயதிலிருந்தே தட்டு சுற்றியதுபோல இருந்தது என்று சொன்னால் பொய். தப்பு வந்தது, குறைந்தது. ஒயர் விஷயத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பதால் அதை நான் பார்க்கவே இல்லை. நான் செய்தது ஒன்றுதான். நார்த்தாமலையில் எனக்குத் தெரிந்த பட்டறையில் தட்டின் அளவுக்கு ஒரு துண்டுக் கருங்கல் பலகை வாங்கி வந்தேன். நம் மண்டப மேடைகள் பலகை மேடைகள். ஆள் குதித்தால் ஊசி குதிக்கும். பழைய சைக்கிள் டியூபில் பாதிக் காற்று அடைத்து மேசையில் வைத்து, அதன்மேல் கல்லை வைத்து, கல்லின்மேல் தட்டை வைத்தால், கீழே யானை ஆடினாலும் ஊசிக்குத் தெரியாது. இன்னொன்று, ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் பெட்டி மேலேயே வைத்துப் பழகிய பழக்கத்தில் தட்டையும் பெட்டி மேல் வைத்துவிடாதீர்கள். ரேடியோ செட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு இது.

வரவேற்பு அன்று சாயங்காலம் நான் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது சமையல்காரர் வழி மறித்தார்.

"என்னண்ணே, அம்மிக்கல்லத் தூக்கிட்டு வர்றீங்க? மசால் நாங்க மெஷின்லயே அரச்சுட்டோம்."

"இது வேற மசால்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கீரமங்கலம் பூ விளைகிற ஊர். பெண் வீட்டார் பூ வியாபாரிகள். மேடை முழுக்கப் பூ. ஷாஜகான் மேசையையும் விடவில்லை, நாலு பக்கமும் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். ஷாஜகான் தட்டுக்கு மேலே தொங்கிய சரங்களை மட்டும் பொறுமையாக ஓரமாய்க் கட்டினார். இதழ் ஒன்று விழுந்தாலும் ஊசி தடுக்கும்.

பாட்டு ஆரம்பித்தது. பெண்ணின் தோழிகள் முதலில் ஆடினார்கள். பிறகு மாப்பிள்ளையின் கல்லூரிக் கூட்டம். பிறகு பெண்ணையும் மாப்பிள்ளையையும் இழுத்து நடுவில் விட்டார்கள். ஷாஜகான் ஒரு கையைத் தட்டிலும் ஒரு கையை மிக்ஸரிலும் வைத்து, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். நான் மேடைக்குக் கீழே, பெட்டிகளை விட்டுத் தள்ளி நின்றிருந்தேன்.

அப்போது மேனேஜர் மைக்கை எடுத்தார். நம் பக்கம் விழா நடத்துகிறவர்கள் வேலை செய்த ஒருத்தரையும் விடமாட்டார்கள். சமையல்காரருக்கு, போட்டோகிராபருக்கு, பந்தல் போட்டவருக்கு என்று வரிசையாகப் பொன்னாடை. "நமது டி.ஜே. ஷாஜகான் பாய் அவர்களுக்கு, மணமகளின் தாய்மாமன் அவர்கள் பொன்னாடை அணிவித்துக் கௌரவிக்கிறார்" என்றார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. தாய்மாமன் பெரிய மீசைக்காரர். ஷாஜகான் அவர் வருவதைக் கவனிக்கவில்லை. பின்பக்கமாக வந்து, சால்வையை அகல விரித்து, தலைக்கு மேலாகக் கொண்டுவந்து தோளில் போட்டார். ஓரத்தில் நீளநீளமாகக் குஞ்சம். அந்தக் குஞ்சம் தட்டின் மேல் இறங்குவதை நான் கீழே இருந்து பார்த்தேன். கத்தினாலும் கேட்காது. ஷாஜகான் நிமிர்ந்தார். குஞ்சம் ஊசிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

பாட்டு விக்கியது. அப்புறம் நின்றது.

நடுவில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணும் மாப்பிள்ளையும் அப்படியே நின்றார்கள். மண்டபம் முழுதும் மேடையைப் பார்த்தது. ஷாஜகான் அந்த நேரத்தில் இரண்டு காரியம் செய்திருக்கலாம். தாய்மாமனைத் தள்ளிவிட்டுத் தட்டைப் பார்த்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அல்லது திகைத்து நின்றிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. தாய்மாமன் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்து, இரண்டு தோளிலும் சால்வையை ஒழுங்காக வாங்கிக்கொண்டார். வலது கையை நெஞ்சில் வைத்தார். இடது கை பின்னால் போய் லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தேடி அழுத்தியது. அதை அழுத்தினால் பாட்டு தட்டின் பேச்சைக் கேட்காமல் தன் போக்கில் ஓடும். பழகும்போது அந்தப் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு தேடுவார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பாட்டு விட்ட இடத்திலிருந்து வெடித்து வந்தது. கூட்டம் விசிலடித்தது.

தாய்மாமன் மேடையை விட்டு இறங்கும்போது மேனேஜரிடம் சொன்னது என் இடது காதுக்கே கேட்டது. "பாத்தியாப்பா, பாட்ட நிறுத்திட்டுல்ல துண்ட வாங்குனாரு பாயி. மரியாத தெரிஞ்ச ஆளு."

"நாம புடிச்சாந்த ஆளுல்ல" என்றார் மேனேஜர்.

நான் மேடை ஏறினேன். ஊசி ஒடிந்திருந்தது. தலையைத் திருகிக் கழற்றி, கடையில் வாங்கி என் சட்டைப்பையில் வைத்திருந்த புதுத் தலையை ஊசியோடு மாட்டினேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசிக் கையை மிதக்க விட்டுப் பார்த்தேன். கோணவில்லை என்றுதான் பட்டது. ஆனால் இடி வாங்கிய கை. உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று அங்கே வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்கு அவருடைய பாஸ்போர்ட் ஞாபகம்தான் வந்தது. அவர் காதோரம் குனிந்தேன்.

"பாய், இனிமே தட்டத் தொட வேணாம். அது பாட்டுக்குச் சுத்தட்டும். மிச்சத்த லேப்டாப்லயே ஓட்டிருங்க. ஒரு பயலுக்கும் தெரியாது."

அவர் சால்வையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சுத்துறத வேடிக்க பாக்குறதுக்கு அங்கயே சம்பளம் குடுத்தாங்கண்ணே."

அந்தப் பாட்டு முடியப்போகிறவரை காத்திருந்தார். பிறகு ஊசியைத் தூக்கி ரெக்கார்டின் மேல் இறக்கினார். அடுத்த பாட்டை மெல்ல உள்ளே கொண்டுவந்து, ஒருமுறை பின்னால் இழுத்து, விட்டார். அது சரியாகத் தாளத்தில் விழுந்தது. கல்லூரிப் பையன்கள் கத்தினார்கள். சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிடுகிறவரை அவர் தட்டை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. நடுவில் ஒரு பாட்டு தாளம் தப்பி விழுந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

என் புத்தி பத்திரமான வழியைச் சொன்னது. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். அதை அவர் கேட்காதது சரிதான் என்றும் சொல்வேன். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சட்டைப்பை ஊசி இல்லாவிட்டால் அவருக்குத் தேர்ந்தெடுக்க எதுவுமே இருந்திருக்காது. நீல லைட் ஜோடியை வாங்கியிருந்தால் ஒரு தட்டு செத்து, இன்னொன்று விரல் பட்டால் நிற்கிறதாக மேடையில் இருந்திருக்கும். விலை குறைவானதை வாங்குங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. லைட்டில் குறையுங்கள், மூடியில் குறையுங்கள், பளபளப்பில் குறையுங்கள், எண்ணிக்கையில் குறையுங்கள். மோட்டாரிலும் கழற்றி மாட்டும் தலையிலும் குறைக்காதீர்கள். கடைக்குப் போகும்போது தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போய்த் தட்டின்மேல் குனிந்து பாருங்கள். எது முதலில் ஒடியும் என்று அந்தத் துண்டே காட்டிவிடும்.

அன்று சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு கோட்டைப்பட்டினம் போய் அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஏஜென்டிடமிருந்து போன் வந்தது. எனக்கும் கேட்கட்டும் என்று ஷாஜகான் ஸ்பீக்கரில் போட்டார். நூர்ஜகான் மெஷினில் எதையோ தைத்துக்கொண்டிருந்தார். சத்தம் நின்றது.

"பாய், என்ன முடிவு? பாஸ்போர்ட்ட வாங்க ஆள் அனுப்பவா?"

ஷாஜகான் என்னைப் பார்த்தார். நான் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். "ஒரு நாள் நல்லா நடந்தத வெச்சு முடிவு பண்ணாதீங்க பாய். நல்ல நாள் யாருக்கும் வரும்."

"நல்லா எங்கண்ணே நடந்துச்சு? ஊசி ஒடஞ்ச நாளுல்ல அது. ஒடஞ்ச பெறகும் நின்னேன்ல, அத வெச்சுத்தான் சொல்றேன்." போனைப் பக்கத்தில் கொண்டுவந்தார். "ஆள் அனுப்ப வேணாம்ங்க. நான் வரல."

ஏஜென்ட் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஷாஜகான் கேட்டுவிட்டு, சரிங்க, சரிங்க என்று வைத்துவிட்டார். மேனேஜர் ஆவணியில் எத்தனை தேதி கொடுப்பார் என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. கொடுத்தார், ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஷாஜகான் இப்போதும் மோட்டார் ரிப்பேருக்குப் போகிறார். இரண்டாவது தட்டு இன்னும் வாங்கவில்லை.

நூர்ஜகான் எழுந்து வந்து, நாற்காலியில் கிடந்த பொன்னாடையை எடுத்து இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்த்தார். "நல்ல துணியாத்தான் இருக்கு. அந்தத் தட்டுக்கு மூடி இல்லைன்னீங்கள்ல?" என்றார். கத்தரிக்கோலை எடுத்து ஒரு ஓரத்துக் குஞ்சத்தை முழுசாக வெட்டினார். சால்வையைத் திருப்பி மறு ஓரத்தையும் வெட்டினார். மெஷினில் போட்டு மடித்துத் தைக்கத் தொடங்கிவிட்டு, எங்களைப் பார்க்காமலே சொன்னார்.

"ஆவணியில துண்டு போட வர்றவுகள முன்பக்கமா வரச் சொல்லுங்க."